அறுபது வெள்ளிச் சேலையின் உண்மை விலை

(திருமணச் செலவுகள் குறித்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சிப் படைப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்கு முன் பேசியவர்கள் மண்டபச் செலவைப் பற்றிப் பேசினார்கள். சாப்பாட்டுச் செலவைப் பற்றிப் பேசினார்கள். தாலிக்கொடி எத்தனை பவுன் என்றும் கணக்குப் போட்டார்கள். இவையெல்லாம் கல்யாண வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் ஏறுகிற செலவுகள். அந்தப் புத்தகத்தில் ஏறாத ஒரு செலவைப் பற்றி நான் பேச வந்திருக்கிறேன். மணப்பெண்ணின் தோழியர் உடைச் செலவு அது.

சிலர் சிரிக்கிறீர்கள். "இது ஒரு பெரிய பிரச்சினையா?" என்று நினைக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

நம் சிங்கப்பூரில் இப்போது எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மணப்பெண்ணுக்குப் பின்னால் ஆறு பேர், எட்டுப் பேர் ஒரே நிறத்தில் வரிசையாக வருகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. நான் அதற்கு எதிரி இல்லை. நானே பலமுறை அந்த வரிசையில் நடந்திருக்கிறேன். ஆனால் அந்த வரிசை எப்படி உருவாகிறது என்று பாருங்கள். கல்யாணத்துக்கு ஆறு மாதம் முன்னால் வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கும். மணப்பெண் ஒரு படத்தைப் போடுவார். "எல்லாரும் இந்தக் கலர், அறுபது வெள்ளிதான்" என்பார். எட்டுப் பேரும் உடனே கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார்கள். அந்த நேரத்தில் முடியாது என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

அந்த அறுபது வெள்ளி எதற்கு? சேலைக்கு மட்டும். நான் இப்போது சொல்லும் தொகைகள் எடுத்துக்காட்டுக்குத்தான். கடைக்குக் கடை மாறும். சேலை 60 வெள்ளி. ரவிக்கை தையல்கூலி 45. உள்ளே வைக்கும் லைனிங் துணி 10. ஃபால்ஸ் வைத்து ஓரம் அடிக்க 12. அதே நிறத்தில் உள்பாவாடை 12. சேலையை முன்கூட்டியே மடிப்பு எடுத்துத் தேய்த்துக் கொடுக்க 25. கடைசி வாரத்தில் பிடிக்கவோ பிரிக்கவோ 15. கூட்டிப் பாருங்கள், 179 வெள்ளி! சொன்ன விலையைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. தலையலங்காரம், ஒப்பனை, வளையல், காலணி எதையும் நான் இன்னும் சேர்க்கவில்லை. மொய்யையும் சேர்க்கவில்லை! எட்டுத் தோழியருக்கு 480 வெள்ளி என்று மணப்பெண் நினைத்துக்கொண்டிருக்கிறார். உண்மையில் அந்த எட்டுப் பெண்களின் கையிலிருந்து போனது 1,432 வெள்ளி. சம்பளம் வாங்கத் தொடங்கி ஆறு மாதம்கூட ஆகாத பெண்களும் அந்த எட்டுப் பேரில் இருப்பார்கள். ஒரே வருடத்தில் மூன்று தோழிகளுக்குக் கல்யாணம் என்றால் அவர்கள் கதி என்ன?

"தேக்காவில் விலை அதிகம், வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வரவழைக்கலாம்" என்று ஒருவர் யோசனை சொல்வார். நல்ல யோசனைதான். ஆனால் திரையில் தெரியும் விலையோடு கணக்கு முடிவதில்லை. பொருள் சேவை வரி 2024 ஜனவரி முதல் 9 விழுக்காடு. 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களுக்கும், வரிக்குப் பதிவு செய்த வெளிநாட்டு விற்பனையாளர்கள் 2023 ஜனவரியிலிருந்து அந்த வரியை வசூலிக்கிறார்கள். எட்டு உடைகளும் ஒரே பெட்டியில் வந்து மதிப்பு 400 வெள்ளியைத் தாண்டினால், இறக்குமதியின்போது வரி. அதுவும் அனுப்பும் கட்டணத்தையும் காப்புறுதியையும் சேர்த்த தொகைக்கு வரி. பெரும்பாலான கடன் அட்டைகளில் வெளிநாட்டு நாணயப் பரிமாற்றத்துக்குத் தனிக் கட்டணம் உண்டு. உடை பொருந்தாமல் போய்த் திருப்பி அனுப்பினால், அந்தச் செலவு பெரும்பாலும் நம் தலையில்தான். உங்கள் அளவுக்குத் தைத்த உடையை வெட்டியதும் பல கடைகள் திரும்ப வாங்குவதே இல்லை.

பணத்தைப் பற்றிச் சொன்னேன். இனி அளவுக்கு வருகிறேன். மனத்தை அதிகம் நோகடிப்பது இதுதான்.

எஸ், எம், எல் என்கிறார்கள். முப்பத்தாறு, முப்பத்தெட்டு என்கிறார்கள். இந்த அளவுகள் எங்கிருந்து வந்தன? அமெரிக்காவில் 1939, 1940 ஆண்டுகளில் ரூத் ஓ'பிரையன், வில்லியம் ஷெல்டன் என்ற இருவர் அரசாங்கத்துக்காகக் கிட்டத்தட்ட 15,000 பெண்களின் உடலை அளந்தார்கள். ஒருவருக்கு 59 அளவுகள். ஆனால் வெள்ளைக்காரப் பெண்களின் அளவுகளை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். பெரும்பாலும் அதை அடிப்படையாக வைத்து 1958-இல் அங்கே ஒரு தர அளவு வகுத்தார்கள். 1983-இல் அதையும் கைவிட்டுவிட்டார்கள். அதன்பின் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பத்துக்கு ஓர் அளவுப் பட்டியல் வைத்துக்கொண்டது. இந்தியர்களுக்கென ஓர் அளவு வேண்டும் என்று 25,000 பேரை அளக்கும் திட்டத்தை இந்தியாவின் நிஃப்ட் கல்விக்கழகம் அறிவித்ததே 2018-இல்தான்.

நான் ஏன் இந்தப் பழங்கதையைச் சொல்கிறேன்? ஓர் உடை நமக்குப் பொருந்தவில்லை என்றால் நம் பெண்கள் உடனே என்ன சொல்கிறார்கள்? "நான் குண்டாகிவிட்டேன்" என்கிறார்கள். ஒரு கடையில் 'எம்' ஆக இருப்பவர் அடுத்த கடையில் 'எக்ஸ்எல்' ஆகிவிடுகிறார். பட்டியலில் மார்பு, இடுப்பு அளவுகள் இருக்கும். மேல்கையின் சுற்றளவு பெரும்பாலும் இருக்காது. ரவிக்கை முதலில் பிடிக்கும் இடமோ அந்த மேல்கைதான்! குறை பட்டியலில் இருக்கிறது, பழியோ பெண்ணின் உடம்பின்மேல் விழுகிறது.

தொலைக்காட்சியில் வேலை செய்பவள் என்ற முறையில் ஒரு தொழில் ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன். திரையில் எங்கள் ரவிக்கை அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கும். பின்னால் வந்து பாருங்கள், நாலு கிளிப் போட்டிருப்பார்கள்! கேமராவுக்கு எங்கள் முதுகு தெரியாது. கல்யாண மண்டபத்தில் அப்படியில்லை. மேடையைப் பார்த்து நடக்கும் தோழியின் முதுகைத்தான் ஐந்நூறு பேர் பார்க்கிறார்கள். கொக்கி தெறித்துவிடுமோ என்ற பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெண்ணின் முகத்தில் சிரிப்பு எப்படி வரும்?

பாலர் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் ஒரு தங்கை என்னிடம் சொன்னதை இங்கே சொல்கிறேன். அவருக்குக் குழந்தை பிறந்து ஐந்து மாதம். பள்ளிக்காலத் தோழியின் கல்யாணம். எல்லாரும் தங்கள் அளவைக் குழுவில் போடவேண்டும் என்றார்கள். எட்டுப் பேர் பார்க்கும் இடத்தில் தன் இடுப்பளவை எழுத அவருக்குக் கூச்சம். பழைய அளவையே எழுதிவிட்டார். கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் உடை வந்தது. கை நுழையவில்லை. தையல்காரரிடம் ஓடினார். உள்ளே பிரித்துவிடத் துணியே விடவில்லை என்று சொல்லிவிட்டார். அந்தத் தங்கை என்ன செய்தார் தெரியுமா? குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒரு செய்தி அனுப்பிவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டார். "அக்கா, அவள் இன்னமும் நான் வேண்டுமென்றே வரவில்லை என்று நினைக்கிறாள்" என்றார். பத்து வருட நட்பு. அரை அங்குலத் துணி இல்லாததால் நின்றுபோனது. இப்போது சொல்லுங்கள், இது சின்ன விஷயமா?

நம் வழக்கம் இதற்கு நேர்மாறானது என்பதையும் இங்கே நினைவுபடுத்த விரும்புகிறேன். கல்யாணம் என்றால் கல்யாண வீடுதான் உறவுக்குத் துணி எடுத்துக் கொடுக்கும். தாலி முடிச்சுப் போடும் நாத்தனாருக்குச் சேலை எடுத்துக் கொடுப்போம். மாமனுக்கு வேட்டி எடுத்துக் கொடுப்போம். "நீ எனக்கு வேண்டியவள்" என்று சொல்லாமல் சொல்லும் மரியாதை அது. மேல்நாட்டு வழக்கத்தைப் பின்பற்றுகிறோம் என்பவர்களுக்கும் ஒரு செய்தி. பிரிட்டனில் தோழியரின் உடையை மணவீட்டார் வாங்கிக் கொடுப்பது மரபு. அமெரிக்காவில்தான் தோழியே தன் பணத்தில் வாங்குகிறார். நாம் எதை எடுத்துக்கொண்டிருக்கிறோம்? நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மணப்பெண்ணுக்கு, பணம் கட்டும் கடமை தோழிக்கு!

குறை சொல்வது சுலபம், வழி என்ன என்று கேட்பீர்கள். சில யோசனைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, விலை சொல்லும்போது முழு விலையைச் சொல்லுங்கள். துணி, தையல், வரி, திருத்தம் எல்லாம் சேர்த்து ஒரே தொகை. முடிந்தால் சேலையை மணப்பெண் வீடு எடுத்துக் கொடுக்கட்டும், தையலைத் தோழி பார்த்துக்கொள்ளட்டும். அதுவும் முடியாதா? ஒரு நிறத்தை மட்டும் சொல்லி, அவரவரிடம் இருக்கும் சேலையைக் கட்டச் சொல்லுங்கள். நிறத்தைக் கைப்பேசிப் படத்தில் காட்டாமல் ஒரு துண்டுத் துணியாகக் கொடுங்கள். ஒவ்வொரு திரையிலும் நிறம் வேறாகத் தெரியும்.

இரண்டாவது, அளவு அவரவர் சொந்த விஷயம். அதைக் குழுவில் கேட்காதீர்கள். ஒவ்வொருவரும் நேரே தையல்காரரிடம் கொடுக்கட்டும். நன்றாகப் பொருந்தும் ஒரு பழைய ரவிக்கையை அளவு ரவிக்கையாகக் கொடுப்பதுதான் நம் பாட்டி காலத்து முறை. இன்றைக்கும் அதைவிடச் சிறந்த முறை இல்லை. எண்ணாகக் கொடுப்பதென்றால், அது உடம்பின் அளவா, தைத்த ரவிக்கையின் அளவா என்று தெளிவாகச் சொல்லுங்கள். உடம்பின் அளவோடு மூச்சுவிடக் கொஞ்சம் தளர்வு சேர்த்துத்தான் தைப்பார்கள். இரண்டையும் குழப்பினால் ஒன்று தொளதொளவென்று வரும், அல்லது இறுகிவிடும்.

மூன்றாவது, பக்கத் தையலில் துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். பெரிதைச் சிறிதாக்கலாம், உள்ளே துணி இல்லாமல் சிறிதைப் பெரிதாக்க முடியாது. லைனிங் பருத்தியாக இருந்தால் நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டச் சொல்லுங்கள், இல்லையேல் முதல் சலவையில் சுருங்கும். சேலையோடு வரும் ரவிக்கைத் துணி பெரும்பாலும் 80 சென்டிமீட்டர்தான். உங்கள் மலாய்த் தோழி நீளக் கை, மூடிய கழுத்து கேட்பார். அதற்கு அந்தத் துணி போதாது. முதலிலேயே கூடுதல் துணியை அதே சாயத் தொகுதியிலிருந்து வாங்கி வையுங்கள். பிறகு தேடினால் நிறம் மாறிவிடும்.

நான்காவது, நாள் குறியுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. ஆகவே ஆவணிக்கும் தைக்கும் முன்னால் தையற்கடைகளில் வேலை குவிந்துவிடும். தீபாவளி நேரத்தைச் சொல்லவே வேண்டாம். போட்டுப் பார்க்கும் நாள் கல்யாணத்துக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்னதாக இருக்கட்டும்.

ஐந்தாவது, முழுப் பணத்தையும் முன்னதாகக் கட்டாதீர்கள். 2017 ஜூலையில் அமெரிக்காவில் ஆல்ஃபிரட் ஏஞ்சலோ என்ற பெரிய மணப்பெண் உடை நிறுவனம் முன்னறிவிப்பின்றிக் கடைகளை எல்லாம் மூடித் திவாலானது. பணம் கட்டிய மணப்பெண்களும் தோழியரும் உடை கைக்கு வராமல் தவித்தார்கள். முன்பணம் எவ்வளவு, எந்தத் தேதியில் உடை, திருத்தம் இலவசமா என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். இங்குள்ள கடையோடு தகராறு வந்தால் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். சிறு கோரல்கள் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை வழக்கறிஞர் இல்லாமலே கோரிக்கை வைக்கலாம். ஆனால் கையில் ரசீது வேண்டும். "அண்ணன் நல்லவர், வாய்வார்த்தை போதும்" என்பது அங்கே செல்லாது.

கல்யாணம் செய்யப்போகும் தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. முகூர்த்தத்தன்று உங்கள் கொசுவத்தைச் சரிசெய்பவர், வியர்வையைத் துடைப்பவர், நீங்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்பவர் யார்? அந்தத் தோழிதான். அவர் உடை மற்ற ஏழு பேரின் உடையைப்போல் இல்லாவிட்டால் படம் கெட்டுப்போகாது. அவர் வராவிட்டால்தான் கெட்டுப்போகும். அதனால் குழுவில் நிறத்தைப் போடுவதற்கு முன்னால், தோழியரை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழையுங்கள். "உனக்கு இது வசதிப்படுமா, சொல்லடி" என்று கேளுங்கள். கூட்டத்தில் சொல்ல முடியாததைத் தனியே கேட்டால் சொல்வார்கள்.

தோழியருக்கும் ஒரு வார்த்தை. முடியாது என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். மூன்று நாள் முன்னால் குழந்தைக்குக் காய்ச்சல் என்பதைவிட, ஆறு மாதம் முன்னால் "எனக்கு இது கட்டாது" என்று சொல்வது நட்புக்குச் செய்யும் உதவி.