பக்கவாதமும் காலத்தின் அருமையும்

(உதகமண்டலத்தில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



தமிழ் பயிற்றும் ஆசிரியராகிய யாம் மருத்துவம் பேச முற்படுவது சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். யாம் மருத்துவரல்லேம். ஆயினும், அறியாமையால் எம் இல்லத்தில் விளைந்த ஓர் இழப்பு எம்மை இங்கே நிறுத்தியுள்ளது.

பதினைந்து ஆண்டுகட்கு முன்னர், மார்கழித் திங்களில் ஒருநாட் காலை ஏழு மணிக்குக் குன்னூரில் எம் மாமனாரின் கையினின்று காப்பிக் குவளை நழுவி விழுந்தது. அவர் தேயிலைத் தோட்டமொன்றிற் கணக்கராயிருந்து ஓய்வு பெற்றவர். வாய் ஒருபுறம் கோணியது, சொல் குழறியது. யாமோ, மலைப்பனியின் குளிர் தாக்கிற்றெனக் கருதி, எண்ணெய் காய்ச்சித் தேய்த்தோம். சூடாகக் கஞ்சி புகட்டினோம். புறாவின் குருதி தடவினால் தீருமென்றார் ஒருவர், அதற்கும் ஆளனுப்பினோம். நண்பகலில் வலக்கை முழுதும் செயலற்றபின்னரே வண்டி தேடினோம். மலையிறங்கி மருத்துவமனை சேர்ந்தபொழுது மணி நான்கு. “எப்பொழுது தொடங்கிற்று?” என்று மருத்துவர் வினவினார். “காலை ஏழு மணிக்கு” என்றோம். அவர் சுவர்க்கடிகாரத்தை ஒருமுறை நோக்கினார், வேறொன்றும் கூறவில்லை. அதன்பின் மூன்றாண்டுகள் வாழ்ந்த அப்பெரியவர் தம் பேர்த்தியின் பெயரை ஒருநாளும் சொல்லவியலாதவராகவே மறைந்தார். நாடோறும் மணி தவறாது பள்ளிக்குச் செல்லும் யாம், அவ்வொரு நாள் ஒன்பது மணி நேரத்தை வீணாக்கினோம்.

பாரிசவாயு என்று நம் முன்னோர் வழங்கிய இந்நோய் காற்றினாலோ குளிரினாலோ வருவதன்று. மூளையின் இரத்தக்குழாயிற் பிறப்பது. அஃது இருவகைப்படும். குழாயில் இரத்தம் உறைந்து அடைப்பது ஒன்று. குழாய் வெடித்து இரத்தம் கசிவது மற்றொன்று. முன்னதே பெரும்பான்மை. இரண்டும் வெளியே ஒரே தோற்றத்தன. ஆனால் மருத்துவமோ நேர்மாறானது. அடைப்பிற்கு இரத்தவுறைவைக் கரைத்தல் வேண்டும். கசிவுள்ளவர்க்கு அதே மருந்து நஞ்சாகும். ஆகலான், நாடி பிடித்தோ முகம் நோக்கியோ இவற்றைப் பிரித்தறிதல் எத்துணைப் பெரிய மருத்துவர்க்கும் அரிது.

இவ்விடர்ப்பாட்டைத் தீர்த்தது சி.டி. ஸ்கேன் என்னும் கருவி. காட்பிரே ஹவுன்ஸ்பீல்டு என்னும் ஆங்கிலப் பொறியியலார் ஆக்கிய அக்கருவியால், 1971 ஆம் ஆண்டு இலண்டன் மருத்துவமனையொன்றில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளை படமெடுக்கப்பட்டது. 1979 இல் அவர்க்கும் ஆலன் கார்மாக் என்பார்க்கும் நோபெல் பரிசு கிடைத்தது. மண்டையைத் திறவாமலே உள்ளிருக்கும் கசிவைச் சில நிமிடங்களிற் காணும் பேறு மக்கட்கு வாய்த்தது.

நோய் தெரிந்தது, மருந்து பயன்படுமோ என்பதை எங்ஙனம் அறிவது? ஒருவர் பிழைத்தார் என்பது சான்றாகாது, மருந்தின்றியும் பிழைத்திருக்கலாம். அமெரிக்க நாட்டில் 624 நோயாளிகளைக் குலுக்குச்சீட்டுப் போன்ற முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு ஆல்டிபிளேஸ் என்னும் கரைக்கும் மருந்தும், மற்றவர்க்கு வெறும் போலி மருந்தும், நோய் தொடங்கி மூன்று மணிக்குள் ஏற்றினர். யார்க்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவர்க்கும் தெரியாது. 1995 இல் முடிவு வெளிவந்தது: மருந்து பெற்றோருள் மூன்று திங்களில் குறையின்றியோ சிறு குறையுடனோ தேறினவர் மிகுதி. எனினும், மூளையிற் கேடுதரும் இரத்தக்கசிவு மருந்து பெற்றோருள் நூற்றுக்கு 6 பேர்க்கு மேல் நேர்ந்தது. பெறாதோருள் நூற்றுக்கு ஒருவர்க்கும் குறைவு. நன்மையையும் தீமையையும் ஒருங்கே எடைபோட்டுரைத்த அந்நேர்மையே ஆராய்ச்சியின் உயிர். 2008 இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வு அவ்வெல்லையை நாலரை மணி நேரமாக நீட்டிற்று. 2015 இல் பெருங்குழாய் அடைப்பைத் தொடைத் தமனி வழியே மெல்லிய கம்பி செலுத்தி வெளியிழுக்கும் முறை பயனுடைத்தென ஐந்து ஆய்வுகள் காட்டின. ஆயினும், தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் ஏறக்குறைய 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்பது கணக்கு.

மலைவாழ்வோராகிய நமக்கு இஃது எத்துணை அச்சம் தருவது! கொண்டையூசி வளைவுகளும், மழைக்கால மண்சரிவும், பனிமூட்டமும் நம்மைத் தடுப்பன. ஆயினும், மலையென்று மனம் சோர்தல் வேண்டா. இமாசலப் பிரதேசம் நம்மினும் கடுமையான மலைநாடு. அங்கே 2014 முதல், ஸ்கேன் கருவியுள்ள மாவட்ட மருத்துவமனைகளின் பொது மருத்துவர், தொலைவிலுள்ள நரம்பியல் வல்லுநரைக் கைப்பேசி வழியே கலந்து, கரைக்கும் மருந்தைத் தாமே ஏற்றும் முறை நடப்பிற்கு வந்தது. வல்லுநர் மலையேற வேண்டுவதில்லை. அவர் அறிவு ஏறினாற் போதும். நம் மாவட்டத்திலும் 2025 ஆம் ஆண்டு ஏப்ரலில் உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்டது நற்பேறே.

பிழைத்தெழுந்தபின் செய்வதென்ன? வீட்டாரே பயிற்சி கொடுத்தால் நோயாளி விரைவில் தேறுவர் என்ற எண்ணம் இனிமையானது. அதனைச் சோதிக்க, நம் நாட்டின் 14 மருத்துவமனைகளில் 1250 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நிகழ்ந்தது. 2017 இல் வெளிவந்த முடிவு யாது? ஆறு திங்களின் பின் இறந்தோரும் பிறரைச் சார்ந்தோருமாகியவர், வீட்டார் பயிற்சி பெற்ற பிரிவிலும் பெறாத பிரிவிலும் நூற்றுக்கு 47 பேரே. இதனால் பயிற்சியே வீண் என்பது பொருளன்று; தேர்ந்த உடற்பயிற்சி மருத்துவரின் இடத்தை வீட்டாரின் அன்பு மட்டும் நிரப்பிவிடும் என்று நம்புதற்கில்லை என்பதே பொருள். கசப்பான உண்மையும் உண்மையே.

திருவள்ளுவர் மருத்துவத்திற்கு நான்கு உறுப்புக்கள் வகுத்தார். மருத்துவரும் மருந்தும் நம் கையில் இல்லை. நோயாளியின் அருகிருப்போர் என்னும் உறுப்பு நாமே. ஆகவே, அன்பர்களே, இவற்றை மனத்திற் கொள்ளுங்கள். முகம் கோணினும், ஒரு கை தளரினும், பேச்சுக் குழறினும், அவை சிறிது நேரத்தில் தாமே மறையினும், உடனே 108 வண்டியை அழையுங்கள். கடைசியாக நலமுடன் கண்ட நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வாயில் நீரோ காப்பியோ மாத்திரையோ புகட்டாதீர்கள். விழுங்குந் திறன் கெட்டிருப்பின் அது மூச்சுக்குழாயிற் புகும். இரவிலும் ஸ்கேனும் கரைக்கும் மருந்தும் உள்ள மருத்துவமனை எதுவென்று நோய் வருமுன்னரே கேட்டறிந்து, வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

எல்லாவற்றினும் மேலாக, இரத்த அழுத்தத்தை அளந்து பாருங்கள். 2021 இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தால் அதற்குரிய மாத்திரை இல்லந்தேடி வருகின்றது. நலமாயிருக்கின்றோமென்று அதனை இடையில் நிறுத்துவோர் நம்முட் பலர். அந்நலம் மாத்திரை தந்த நலமே என்பதை மறவற்க.

எம் மாமனார்க்கு யாம் செய்யத் தவறியதை உங்கள் இல்லத்து முதியோர்க்கு நீங்கள் செய்வீர்களாயின், எம் நெஞ்சின் சுமை சிறிது குறையும்.