அடிச்சுவர்
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

அலுவலகத்தில் பிறருடைய பயணங்களுக்குக் கணக்கெழுதும் நாம், இன்று உங்களை ஒரு நெடும்பயணத்திற்கு அழைக்கின்றோம். சீட்டு வேண்டா, நூல்வழிச் செல்லும் பயணம் இது. சேருமிடம், தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைத்தொடரிலுள்ள பெரு நாடு.

முதலில் குஸ்கோ நகரம். கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்திலுள்ள இது இன்கா மன்னர்களின் தலைநகராய் விளங்கியது. 1533-ஆம் ஆண்டில் ஸ்பானியர் இதனைக் கைப்பற்றினர். கோயில்களையும் அரண்மனைகளையும் இடித்து, எஞ்சிய சுவர்களின்மேல் தம் மாளிகைகளை எழுப்பினர். பொற்றகடு வேய்ந்திருந்த கோரிகாஞ்சா என்னும் கதிரவன் கோயிலின்மீது சாந்தோ தொமிங்கோ மடம் எழுந்தது.

1650-இலும் 1950-இலும் பெரும் நிலநடுக்கங்கள் அந்நகரைக் குலுக்கின. மேலே கட்டியவை பல சரிந்தன, மடமும் பெருஞ்சேதமுற்றது. அடியிலிருந்த இன்கா சுவர்களோ நின்றன! சாந்து பூசாமல், கல்லோடு கல் பொருந்தச் செதுக்கி, உட்புறம் சற்றே சாய்த்துக் கட்டியவை அவை. பன்னிரண்டு மூலைகள் கொண்ட ஒரு கல்லை அங்கே ஒரு தெருச்சுவரில் இன்றும் காணலாம். இரும்புக் கருவி அறியாதோர் செய்த வேலை இது!

அடுத்து மாச்சு பிச்சு. நம் மீட்டர் கேஜைவிடக் குறுகிய, மூன்றடி அகலப் பாதையில் இரயில் மலையடிவாரம்வரை செல்கிறது. 15-ஆம் நூற்றாண்டில் எழுந்த இவ்வூரை 1911-இல் உலகறியச் செய்தவர் ஹைரம் பிங்காம் என்னும் அமெரிக்கர். அப்போதே அங்கு உழவர் குடும்பங்கள் வாழ்ந்தன. இடிபாடுகளுக்கு அவருக்கு வழிகாட்டியவன் ஒரு சிறுவன். அங்குள்ள படிக்கட்டு வயல்களின் அடியில் கல்லும் சரளையும் அடுக்கடுக்காய்ப் பரப்பியுள்ளனர். பெருமழை நீர் அவற்றின் வழியே வடிவதால் மலைச்சரிவு காக்கப்படுகின்றது.

கல்லைப் போன்றே அம்மக்களின் கெச்சுவா மொழியும் நின்றது. 1781-இல் ஒரு கிளர்ச்சியை ஒடுக்கிய ஆட்சியாளர் அம்மொழியை ஒழிக்க ஆணையிட்டனர். ஆயினும் வீட்டிலும் வயலிலும் தாயர் பேசினர், பிள்ளைகள் கேட்டனர். 1975-இல் பெரு அரசு அதனை ஆட்சிமொழியாக ஏற்றது. இன்றும் ஆண்டீஸ் நாடுகளில் பல இலட்சம் மக்கள் அதனைப் பேசுகின்றனர்.

அன்பர்களே! நம் பிள்ளைகள் பள்ளியில் இவ்வூர் மொழியைக் கற்கின்றனர், நன்றாகக் கற்கட்டும். மேல்மாடி எம்முறையிலும் எழலாம், அதுவும் அழகே. குஸ்கோ நகரின் பழைய சுவரையும் புதிய மாளிகையையும் சேர்த்தே யுனெஸ்கோ 1983-இல் உலக மரபுச் செல்வமாக ஏற்றது. ஆனால் அடிச்சுவரை இடுவோர் வேறெவரும் அல்லர், வீட்டிலிருக்கும் நாமே. இரவு உணவுவேளையிலேனும் பிள்ளைகளுடன் தமிழில் உரையாடுவோம்.