கேள்வி கேட்டவரா துரோகி?



உள்ளாட்சி நிதி பற்றி நான் பேசுவதாக நோட்டீசில் போட்டிருக்கிறார்கள். அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். போன ஞாயிற்றுக்கிழமை இதே திடலில் நடந்ததைக் கேள்விப்பட்ட பிறகு எனக்கு வேறு பேச்சு வரவில்லை.

ஓய்வுபெற்ற ராணுவ வீரர் ஒருவர் கூட்டத்தில் எழுந்து, "சண்டையில் நமக்கு என்ன இழப்பு என்று நாடாளுமன்றத்தில் ஏன் விவாதிக்கக் கூடாது?" என்று கேட்டிருக்கிறார். மைக்கைப் பிடித்திருந்தவர் பதில் சொன்னாரா? இல்லை. "இவர் எந்த நாட்டுக்காரர் என்று விசாரியுங்கள்" என்றார். கீழே நின்ற கூட்டம் "துரோகி, துரோகி" என்று கத்தியிருக்கிறது. பனியில் காவல் நின்று வந்த மனிதரை, எல்லை எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் விழிக்கிறவர்கள் சோதிக்கிறார்கள்! போர் என்றால் இவர்களிடமிருந்து தொண்டை மட்டும்தான் பட்டாளத்தில் சேரும். மற்ற உறுப்பெல்லாம் மேடையிலேயே இருக்கும்.

அவர்கள் வாதம் இதுதான்: நீ வரியைக் கட்டு, பிள்ளையை அனுப்பு, வாயை மூடு, ஜெயித்தால் எங்கள் தலைவரால், தோற்றால் நீ கேட்ட கேள்வியால். இதற்கு மேல் அதில் ஒரு வரி இருந்தால் யாராவது எனக்கு எழுதி அனுப்புங்கள்.

போர் நேரத்தில் கேள்வி கேட்கக் கூடாதாம். 1962-க்கு வாருங்கள்.

அக்டோபர் 20 விடியற்காலை. நம்கா சூ ஆற்றங்கரையில் சீனப் படை பாய்ந்தது. நம் வீரர்கள் எதைப் போட்டுக்கொண்டு இமயமலையில் நின்றார்கள் தெரியுமா? பருத்திச் சீருடை, கான்வாஸ் ஷூ. கையில் பழைய .303 துப்பாக்கி. நவம்பர் 18-ஆம் தேதி ரெசாங் லா கணவாயில் மேஜர் ஷைத்தான் சிங்கின் கீழ் 120 பேர் நின்றார்கள். நடுவில் மலை மறைத்ததால் பீரங்கித் துணை அவர்களுக்கு எட்டவில்லை. நூறு பேருக்கு மேல் அங்கேயே மாண்டார்கள். மாதங்கள் கழித்துத் தேடிப் போனபோது, பனியில் உறைந்து, துப்பாக்கியை விடாமல் கிடந்தார்கள். சொல்லுங்கள், அந்தப் பிள்ளைகளைக் கம்பளி இல்லாமல் அனுப்பியது யார் என்று கேட்பது துரோகமா? கேட்காமல் இருப்பதல்லவா துரோகம்!

கேட்டார்கள், நண்பர்களே. நடுப்போரில் கேட்டார்கள். நாடாளுமன்றத்தை உடனே கூட்ட வேண்டும் என்றார் ஒரு இளம் மாநிலங்களவை உறுப்பினர். யார் அவர்? ஜனசங்கத்தின் அடல் பிஹாரி வாஜ்பாய்! ஞாயிற்றுக்கிழமை மைக் பிடித்தவர் தன் வீட்டுச் சுவரில் யார் படத்தை மாட்டியிருக்கிறாரோ, அதே வாஜ்பாய். நேரு என்ன செய்தார்? "இவர் எந்த நாட்டுக்காரர்" என்றாரா? நவம்பர் 8-ஆம் தேதி அவையைக் கூட்டினார். ரகசியக் கூட்டமாக வைத்துக்கொள்ளலாம் என்று யோசனை வந்தது. வேண்டாம், நாட்டு மக்கள் கேட்கட்டும் என்றார். போர் இன்னும் முடியாத நாள்களில் உறுப்பினர்கள் நாள்கணக்கில் எழுந்து எழுந்து பேசினார்கள். பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் பதவி இழந்தார்; அவரைப் போகச் சொன்னவர்களில் காங்கிரஸ்காரர்களும் உண்டு. அதனால் நாடு உடைந்து போயிற்றா?

அதற்கு முன்பே நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு கதை இருக்கிறது. சீனா பிடித்துக்கொண்ட அக்சாய் சின்னில் ஒரு புல்கூட முளைக்காது என்றார் நேரு. உடனே மகாவீர் தியாகி எழுந்தார். சுத்தமான வழுக்கைத் தலை அவருக்கு. அதைத் தொட்டுக் காட்டி, "இங்கேயும்தான் ஒன்றும் முளைக்கவில்லை, வெட்டிக் கொடுத்துவிடட்டுமா?" என்றாராம். அவர் எதிர்க்கட்சியா? ஆளுங்கட்சி! இன்றைக்கு ஆளுங்கட்சி வரிசையில் உட்கார்ந்து ஒருவர் இப்படிக் கேட்கட்டும் பார்ப்போம். வழுக்கையில் முடி முளைத்தாலும் முளைக்கும், அவருக்கு அடுத்த தேர்தலில் சீட்டு முளைக்காது.

நேருவுக்கு நான் மாலை போட வந்ததாக நினைத்துவிடாதீர்கள். அதே அரசு, அதே ஆண்டு என்ன செய்தது? இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் தேசியக் குழு நவம்பர் 1-ஆம் தேதியே நாட்டின் பாதுகாப்பை ஆதரித்துத் தீர்மானம் போட்டது. அப்படியும் அதே மாதம் நூற்றுக்கணக்கான கம்யூனிஸ்டுகளை இரவோடு இரவாக அள்ளிப் போனார்கள். குற்றச்சாட்டு? சீன ஏஜெண்ட். விசாரணை? கிடையாது.

அதைவிடக் கொடுமை ஒன்று சொல்கிறேன். இதை நினைத்தால் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. அசாமில் மாகும் என்று ஒரு ஊர். தேயிலைத் தோட்ட வேலைக்காகப் பல தலைமுறைக்கு முன் கொண்டுவரப்பட்ட சீனர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே வாழ்ந்தார்கள். இங்கே பிறந்தவர்கள், இந்த மண்ணின் சோற்றைத் தின்றவர்கள். மூக்கையும் கண்ணையும் பார்த்து அவர்களை ரயிலில் ஏற்றினார்கள். அசாமிலிருந்தும் வங்க மலைகளிலிருந்தும் ஏறத்தாழ 3,000 பேர், கைக்குழந்தை முதல் கிழவி வரை, ராஜஸ்தானில் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டார்கள். போர் முடிந்தது ஒரு மாதத்தில். சிலர் 1967 வரை உள்ளே கிடந்தார்கள். வெளியே வந்தபோது வீடும் கடையும் ஏலம் போயிருந்தன. ஒருவர் மீதாவது வழக்கு நிரூபிக்கப்பட்டதா? மைக் பிடித்து "எந்த நாட்டுக்காரன்" என்று கேட்கிறவரே, நீங்கள் கேட்பது எங்கே போய் முடியும் என்று தேவ்லியைக் கேளுங்கள்!

நம் ஊர்க் கதையையும் சொல்ல வேண்டும். விலைவாசிப் போராட்டத்துக்காக வேலூர்ச் சிறையில் இருந்த அண்ணா, வெளியே வந்ததும் போர் முயற்சிக்குத் துணை நின்றார். வேற்றுமையை ஒதுக்கி வைத்தார். பரிசு என்ன கிடைத்தது? மறு ஆண்டே 16-ஆவது அரசியல் சட்டத் திருத்தம். தேர்தலில் நிற்பதென்றால் நாட்டின் இறையாண்மைக்கும் ஒருமைப்பாட்டுக்கும் உறுதிமொழி எடு என்றார்கள். கைகொடுத்தவரையும் சந்தேகப்பட்டார்கள். 1962 அக்டோபர் 26-இல் போட்ட நெருக்கடி நிலை எப்போது விலக்கப்பட்டது? 1968 ஜனவரி 10! எதிரி போய் ஐந்து ஆண்டு ஆன பிறகும், வாய்ப்பூட்டு போகவில்லை.

வீட்டில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்ற வேண்டியதுதான். தொட்டி ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டவனைப் பிடித்து, இவன்தான் தீ வைத்தான் என்று கட்டி வைத்தால், அடுத்த தீக்கும் தொட்டி காலியாகத்தான் இருக்கும்.

காலியான தொட்டியின் கணக்கு எழுதியே வைக்கப்பட்டிருக்கிறது. ஹெண்டர்சன் புரூக்ஸ் என்ற லெப்டினன்ட் ஜெனரலும், போர்க்களத்தில் விக்டோரியா கிராஸ் வாங்கிய பிரிகேடியர் பகத்தும் விசாரித்து 1963-இல் அறிக்கை கொடுத்தார்கள். எங்கே அது? அலமாரியில்! 2010-இல் காங்கிரஸ் அமைச்சர் ஏ.கே. அந்தோணி தர முடியாது என்றார். 2014 மார்ச்சில், எதிர்க்கட்சியில் இருந்த அருண் ஜேட்லி வெளியிட வேண்டும் என்று எழுதினார். நல்லது என்று நாம் நினைத்தோம். அதே ஆண்டு ஜூலையில் அவரே பாதுகாப்பு அமைச்சர். என்ன சொன்னார்? நாட்டு நலனுக்காக வெளியிட முடியாது! மார்ச்சில் நாட்டு நலன் வேறு, ஜூலையில் நாட்டு நலன் வேறா? நாற்காலி மாறியது, பூட்டு மாறவில்லை. அந்த அறிக்கையைப் பூட்டியவரும், பூட்டைக் காவல் காப்பவரும் தேசபக்தர்கள். திறந்து காட்டு என்று கேட்கிற ராணுவ வீரர் துரோகியா?

நண்பர்களே, கேள்வியால் எந்த எல்லையும் விழுந்ததில்லை. பதில் சொல்லாத அமைச்சர்களால் விழுந்திருக்கிறது. அடுத்த முறை உங்கள் பக்கத்தில் எழுந்து ஒருவர் கேள்வி கேட்கும்போது, அது உங்கள் கட்சிக்கு எதிரான கேள்வியாகவே இருந்தாலும், அவரை உட்காரச் சொல்லி யாராவது கத்தினால் நீங்களும் எழுந்து அவர் பக்கத்தில் நில்லுங்கள். ஓட்டுக் கேட்டு எந்தக் கட்சிக்காரர் உங்கள் வாசலுக்கு வந்தாலும், 1963-ஆம் ஆண்டு அறிக்கையை வெளியிட நாடாளுமன்றத்தில் குரல் கொடுப்பாயா என்று கேளுங்கள். கொடுப்பேன் என்று சொல்லாதவருக்கு ஓட்டுப் போடாதீர்கள்.