பதக்கமும் பெண்மக்களும்

(பொதுக்கூட்டமொன்றில் செய்த பிரசங்கத்தின் சாரம்)



இராணுவத்தில் வேலை செய்யும் பெண்களுக்கு ஜனாதிபதிகள் பதக்கம் கொடுப்பதைப் பத்திரிகைகளில் பார்த்துச் சந்தோஷப்படுகிறோம். சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் அப்படிக் கொடுத்த மரியாதை ஒரு பெண்ணிடத்தில் எந்த இலட்சணத்தில் நிலைத்தது என்பதற்கு அமெரிக்காவின் சங்கதி ஒன்றைச் சொல்லுகிறோம்.

மேரி வாக்கர் என்ற அம்மையார் 1832-ல் நியூயார்க் மாகாணத்தில் பிறந்தவர். 1855-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அவ்வருஷமே விவாகமும் செய்துகொண்டார். விவாகத்தில், "புருஷனுக்குக் கீழ்ப்படிவேன்" என்று பெண் செய்ய வேண்டிய சத்தியத்தைச் செய்ய மறுத்தார். புருஷன் பெயரையும் ஒட்டிக்கொள்ளவில்லை. (நமது சுயமரியாதைக் கல்யாணத்தைக் கண்டு கலி முற்றிவிட்டது என்பவர்கள் இந்த வருஷத்தைக் குறித்துக்கொள்ளட்டும்.)

1861-ல் உள்நாட்டு யுத்தம் மூண்டதும் பட்டாளத்து டாக்டர் உத்தியோகம் கேட்டார். பெண்ணுக்குக் கிடையாது என்றார்கள். சம்பளமில்லாமலே காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்தார். பின்னர்தான் ஒப்பந்தத்தின் பேரில் உதவி டாக்டராக வைத்துக்கொண்டார்கள். 1864 ஏப்ரலில் எதிரிகள் பிடித்து நான்கு மாதம் ரிச்மண்டில் சிறை வைத்தார்கள். 1865 நவம்பரில் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன், அந்நாட்டு இராணுவத்தின் தலைசிறந்த பதக்கத்தை அவருக்கு அளித்தார்.

1917-ல் விதியைக் கண்டிப்பாக்கி 911 பெயர்களை அடித்தார்கள். இவர் பெயரும் போயிற்று. ஆண்களும் அதில் உண்டு என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் உத்தியோகம் தராமல் வாசலில் நிறுத்தியவர்களே, பிறகு "நீ உத்தியோகஸ்தர் அல்லவே" என்பது எந்த ஊர் நியாயம்? அம்மையார் பதக்கத்தைக் கழற்றவில்லை. 1919-ல் சாகும்வரை அணிந்திருந்தார். 1977-ல், கார்ட்டர் ஜனாதிபதியாயிருந்தபோது, திருப்பிக் கொடுத்தார்கள். செத்து 58 வருஷம் கழித்து! இருக்கும்போது கஞ்சி ஊற்றாதவன் செத்தபின் திவசம் கொடுப்பதற்கும் இதற்கும் என்ன பேதம்? 3,500 பேருக்குமேல் பெற்ற அப்பதக்கத்தில், பெண் இன்றளவும் இவர் ஒருவரே.

நம் தேசத்துக்கு வருவோம். இங்கும் இராணுவ அதிகாரிகளுக்கு ஜனாதிபதி பெயரால்தான் நியமனம். பெண் அதிகாரிகள் நிரந்தர உத்தியோகம் கேட்ட வழக்கில், சர்க்கார் தரப்பு சுப்ரீம் கோர்ட்டில் சொன்ன சமாதானங்களில் ஒன்று என்ன தெரியுமா? சிப்பாய்கள் பெரும்பாலும் கிராமத்து ஆண்கள். பெண்ணின் உத்தரவுக்குக் கீழ்ப்படிய அவர்கள் மனம் இன்னும் பக்குவப்படவில்லையாம்! 2020 பிப்ரவரி 17-ந் தேதி கோர்ட்டு அதைத் தள்ளிவிட்டது. ஆனால் பழியை யார் தலையில் வைத்தார்கள்? கிராமத்தான் தலையில், அதாவது நம் தலையில்!

காளி கையில் சூலத்தையும் வாளையும் கொடுத்துக் கும்பிட்டு, அவளிடம் பூக்கட்டிப் பார்க்காமல் கல்யாணம் நிச்சயிக்காத கிராமத்தான், உயிருள்ள பெண் உத்தரவிட்டால் கேட்கமாட்டானாம். இது பொய் என்று கோபமாய்ச் சொல்ல நமக்கும் ஆசைதான். எங்கே, வீட்டில் பெண்டாட்டி ஒரு யோசனை சொன்னால், "நீ சும்மா இரு" என்று அதட்டாமல் கேட்கிறவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். முன்வரிசையில்கூட ஒரு கையையும் காணோமே! மேடையில் இருக்கும் நாமும் சற்று யோசித்துத்தான் தூக்கவேண்டியிருக்கிறது.