பின்னர் என்ன ஆயிற்று?

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் கடந்த 25 ஆண்டுகளின் பெருமைகளை எடுத்துரைப்பது மரபு. அப்பணியைச் செயலாளர் அவர்கள் செவ்வனே செய்துவிட்டார்கள். ஆதலின் நாம் வேறொரு பொருளை எடுத்துக்கொள்கின்றோம். இடுப்பு மூட்டு அறுவை மருத்துவமும், மூலிகைச் செடிகளின் மரபணு ஆராய்ச்சியும் என்பதே அது. இவற்றுக்கும் நம் சங்கத்துக்கும் என்ன உறவு என்று நீங்கள் எண்ணலாம். உறவு நம் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றது.

நமக்குப் பெரியம்மா முறையாகும் மூதாட்டி ஒருவர்; நடவுக் கூலிக்குச் சென்று பிள்ளைகளை ஆளாக்கியவர். வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தது. நகரத்து மருத்துவமனை ஒன்றில் செயற்கை மூட்டுப் பொருத்தினர். அவர் எழுந்து நடந்தார், நாம் மகிழ்ந்தோம். சில ஆண்டுகள் சென்றன. மீண்டும் வலி வந்தது. புதிய மருத்துவர் கேட்ட முதற்கேள்வி, "என்ன மூட்டு வைத்தார்கள்? சீட்டு எங்கே?" என்பது. சீட்டு இல்லை. அன்று அதை வாங்கிப் படித்தவர் நாமே. பரணில் செருகியவரும் நாமே. கூரை ஒழுகி அது கூழாகிப் போயிற்று. ஆயிரம் பிள்ளைகளின் வருகையைப் பதிவேட்டில் எழுதிய கை, பெரியம்மாவின் மூட்டின் பெயரை ஒரு குறிப்பேட்டில் எழுதவில்லை. மருத்துவர் ஊகித்து முடிவெடுக்கும் வரை அந்த அம்மையார் வலியோடு கிடந்தார். அக்குற்றம் நம்முடையது. அதைச் சபையில் ஒப்புக்கொள்ளவே இவ்வுரை.

இடுப்பு மூட்டு என்பது கிண்ணத்துக்குள் உருளும் பந்து போன்றது. தொடை எலும்பின் தலையே பந்து. முதுமையில் விழுந்தால் எலும்பு முறியும். இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு சொல்: அளவு மீறிய மதுவும், மருத்துவர் சொல்லாமல் நெடுநாள் உண்ணும் ஸ்டீராய்டு மருந்தும் அப்பந்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் கெடுத்து, வேலை செய்யும் வயதிலேயே அதை நொறுங்கச் செய்யக்கூடும்.

இன்றைய செயற்கை மூட்டுக்கு வழிகண்டவர் இங்கிலாந்து நாட்டு மருத்துவர் ஜான் சார்ன்லி. அவர் முதலில் கிண்ணத்துக்கு டெஃப்லானைப் பயன்படுத்தினார். ஏறத்தாழ 300 பேருக்குப் பொருத்தினார். வலி நீங்கி நடந்தனர், உலகம் பாராட்டியது. ஆனால் அவர் நோயாளிகளைத் திரும்பத் திரும்ப வரவழைத்துப் பார்த்தார். இரண்டு மூன்று ஆண்டுகளில் டெஃப்லான் தேய்ந்து, அதன் துகள்கள் சுற்றியுள்ள தசையைக் கெடுத்திருந்தன. அவர் அதை மறைக்கவில்லை. அத்துகளைத் தம் தொடையிலேயே செலுத்திச் சோதித்தார்; பொருத்தியவற்றை எடுத்து மாற்றும் துன்பத்தையும் ஏற்றார். 1962 நவம்பரில் உறுதிமிக்க பாலிஎத்திலீன் கிண்ணத்துக்கு மாறினார். அந்த வழியே நிலைத்தது. நோயாளி வீடு சென்றதோடு பணி முடிந்தது என அவர் எண்ணியிருந்தால் இவ்வெற்றி ஏது?

இதை உணர்ந்தே சுவீடன் நாடு 1979ஆம் ஆண்டு முதல் இடுப்பு மூட்டு அறுவைகளுக்கு நாடு தழுவிய பதிவேடு வைத்துள்ளது. ஆஸ்திரேலியா 1999இல் தொடங்கியது. ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தின் டெப்யூ நிறுவனம் செய்த ஏ.எஸ்.ஆர். என்னும் உலோக மூட்டு, அளவுக்கு மீறித் தோல்வியுறுவதை அந்த ஆஸ்திரேலியப் பதிவேடு 2007லேயே காட்டிக்கொடுத்தது. உலோகத்தோடு உலோகம் உராய்ந்து கோபால்ட்டும் குரோமியமும் உடலுக்குள் கலந்தன. 2010 ஆகஸ்டில் உலகெங்கும் அம்மூட்டு திரும்பப் பெறப்பட்டது.

நம் நாட்டில் ஏறத்தாழ 4,700 அறுவைகளில் அம்மூட்டுப் பொருத்தப்பட்டிருந்தது. நடுவண் அரசு 2017இல் அமைத்த வல்லுநர் குழு ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 3,600 பேர் எங்கே இருக்கின்றனர் என்றே தெரியவில்லை. தம் உடலுக்குள் பழுதான பொருள் இருப்பதை அறியாமலே எத்தனை பேர் வலியை விதி என்று பொறுத்தனரோ! ஏட்டில் பெயர் இல்லாதவனை நீதியும் தேடிக் கண்டுபிடிக்க இயலாது. இதை நம்மினும் நன்கு அறிந்தவர் யார்?

இனி மூலிகைக்கு வருவோம். நித்தியகல்யாணி என்னும் செடியை அறிவீர்கள். சுடுகாட்டு மல்லி என்பதும் அதுவே. நம்மவர் வெட்டியான் வேலைக்கு நின்ற மயானங்களில் கேட்பாரின்றிப் பூத்த செடி. ஜமைக்கா மக்கள் அதன் இலைக் கசாயத்தை நீரிழிவுக்குக் குடிப்பதை அறிந்து, கனடாவில் இராபர்ட் நோபிள் அதனைச் சோதித்தார். இரத்தத்தில் சர்க்கரை குறையவில்லை, வெள்ளணுக்களே குறைந்தன. எண்ணியது நடக்கவில்லை என்று ஏட்டை மூடாமல், நடந்ததை எழுதினார். 1958இல் அவரும் சார்ல்ஸ் பீரும் வின்பிளாஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்தைப் பிரித்தெடுத்தனர். அதே செடி தரும் வின்கிரிஸ்டின் இன்றும் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு உயிர்காக்கும் மருந்து.

ஆனால் 1 கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறத்தாழ 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். ஆகவே அச்செடியின் மரபணுக்களை ஈஸ்ட் நுண்ணுயிரில் சேர்த்து, அதனுள்ளேயே மருந்தின் இரு கூறுகளையும் ஆக்கி, பின் அவற்றை இணைத்து வின்பிளாஸ்டின் பெற்றதாக டென்மார்க்கில் பணியாற்றிய ஆய்வாளர் 2022இல் வெளியிட்டனர். மாவைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர் மருந்துச்சாலை ஆகின்றது. இது பெருகினால் மருந்துத் தட்டுப்பாடு குறையலாம். இலை பயிரிடும் சிறு உழவர்க்கு என்ன ஆகும் என்பதையும் எழுதி வைத்தல் வேண்டும்.

பண்டிதர் அயோத்திதாசர் சித்த மருத்துவராகவும் இதழாசிரியராகவும் விளங்கினார். மருந்தறிவும் எழுத்தும் ஒரே கையில் இருந்தன. அவ்விரண்டும் மீண்டும் நம் பிள்ளைகளின் கையில் சேர வேண்டும். வல்லம் வடகால் வயல்கள் தொழிற்பேட்டை ஆயின. அங்கே உதிரிப் பாகம் ஒவ்வொன்றுக்கும் எண் இட்டு, பழுதானால் எந்நாளில் எந்த முறை வேலையில் செய்தது எனத் தேடுகின்றனர். இரும்புக்கு உள்ள கணக்கு மனிதர்க்கு வேண்டாமா?

ஆகவே மூன்று வேண்டுகோள். ஒன்று: வீட்டுக்கு ஒரு மருத்துவக் குறிப்பேடு வையுங்கள், அறுவை நாள், மருத்துவமனை, உள்ளே வைத்த பொருளின் பெயர், எண் ஆகியவற்றைக் கேட்டு வாங்கி ஒட்டுங்கள். இரண்டு: உயிரியலும் புள்ளியியலும் பயில நம் பெண்மக்களையும் ஆண்மக்களையும் அனுப்புங்கள். மூன்றாவது சங்கத்தாருக்கு: இத்தனை ஆண்டுகளில் நாம் உதவித்தொகை அளித்த மாணவர் பட்டியல் நம்மிடம் உண்டு, பின்னர் அவர்கள் என்ன ஆயினர் என்ற பட்டியல் இல்லை. தேறியவர் பெயர் இம்மலரில் இருக்கின்றது. இடையில் நின்றவர் பெயர் இல்லை. அவர்களையும் தேடி எழுதுவோம். எங்கே தவறினோம் என்பதை அவர்களே நமக்குக் கற்பிப்பர்.