இரவில் எழும்புவது வெட்கமல்ல
(தோட்ட மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சம்பளம், பேர், கிலோ என்றால் இங்கே எல்லோரும் வாய் திறப்போம். இன்று பேசப்போவது பக்கத்துக் காம்பராவுக்குக்கூட நாம் சொல்லாத விஷயம். அடிக்கடி ஒண்ணுக்கு வருவது, வந்தால் அடக்க முடியாமல் போவது, இரவில் மூன்று நான்கு தடவை எழும்புவது. சிரிக்கிறவர்கள் சிரித்துவிடுங்கள். அதற்குப் பிறகு கேளுங்கள்.

கடந்த மழைக்காலத்தில் எங்கள் லயத்து அம்மா ஒருவர் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறோம். நடுச்சாமம், இருட்டு, கக்கூசுக்கு இறங்கும் படியெல்லாம் பாசி. அன்று இரவு அது அவருக்கு நான்காவது தடவை. ஆஸ்பத்திரியில் வைத்தியர் எத்தனை நாளாக இப்படி என்று கேட்க, "ரெண்டு வருசமா" என்றார். மகளுக்கே தெரியாது. பனிக்குத்தான் அப்படி வருகிறது, வயதும் போய்விட்டது என்று அவராகவே முடிவு கட்டியிருந்தார். இரத்தத்தைச் சோதித்தபோது சீனி வியாதி இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பே வாய் திறந்திருந்தால் கையும் தப்பியிருக்கும், சீனியையும் அன்றே பிடித்திருக்கலாம்.

ஆகவே முதல் விஷயம்: இது வெட்கமுமல்ல, தலைவிதியுமல்ல. பகலும் இரவும் சேர்த்து ஆறிலிருந்து எட்டுத் தடவை போவது சாதாரணம். இரவில் ஒரு தடவை எழும்பினால் பயமில்லை. பனிக்காலத்தில் கொஞ்சம் கூடுவதும் உண்மைதான். ஆனால் ஒவ்வோர் இரவும் இரண்டு தடவைக்கு மேல் எழும்பினால், அல்லது வந்தவுடன் ஓடாவிட்டால் துணி நனையும் என்ற நிலை இருந்தால், காரணம் தேட வேண்டும்.

காரணங்கள் பல. சீனி வியாதி ஒன்று. சிறுநீரில் கிருமித் தொற்று இன்னொன்று. அதில் எரிவு இருக்கும், கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். பிள்ளைப் பேற்றுக்குப் பிறகு அடிவயிற்றுத் தசைகள் தளர்ந்துபோவதும் உண்டு. மலச்சிக்கலும் சிறுநீர்ப்பையை அழுத்தும். ஆண்களுக்கு வயது போகும்போது புரொஸ்டேட் சுரப்பி வீங்கும். சிறுநீர் மெல்லிய தாரையாக வரும், முடிந்த பிறகும் சொட்டும். பின்வரிசைத் தோழர்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள். இவை எதுவும் இல்லாமல், பை நிறையும் முன்னரே சுருங்கத் தொடங்குவதும் உண்டு. அதைத்தான் வைத்தியர்கள் 'ஓவர் அக்டிவ் பிளாடர்' என்கிறார்கள். அதற்கும் வழி இருக்கிறது.

இனி நாம் செய்கிற ஒரு தவறைப் பேசுவோம். மலையில் கக்கூஸ் இல்லை. கூடையை இறக்கி, படங்கை அவிழ்த்து, அட்டை கடிக்கும் பற்றைக்குள் போக வேண்டும். போய் வந்தால் கிலோ குறையும். அதனால் பிரட்டுக்குப் போகும் நேரத்திலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கிறோம். பள்ளிக்கூடத்தில் நம் பெண்பிள்ளைகளும் போத்தலைத் திறக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். அதை நாங்கள் தினமும் பார்க்கிறோம். இது சாமர்த்தியமல்ல. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் மஞ்சளாகத் தடித்து, பையை உறுத்தி, அவசரத்தைக் கூட்டும். தொற்றும் சுலபமாக வரும். ஒரு நாளைக்கு ஒன்றரை லீற்றராவது குடிக்க வேண்டும். காலையிலும் பகலிலும் கூடுதலாகக் குடியுங்கள். படுக்கப் போகும் முன் இரண்டு மூன்று மணி நேரம் குறைத்துக்கொள்ளுங்கள். இருதய வருத்தம், சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் மட்டும் வைத்தியர் சொன்ன அளவில் குடியுங்கள்.

அடுத்தது தேத்தண்ணி. நாம் பறிக்கிற கொழுந்திலேயே சிறுநீர்ப்பையைத் தூண்டும் கஃபீன் இருக்கிறது. காலைச் சாயத்தண்ணியை விடச் சொல்லவில்லை. விடச் சொன்னால் எங்களை இந்த மேடையிலிருந்து இறக்கிவிடுவீர்கள். பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு அதை நிறுத்திப் பாருங்கள். குளிருக்குச் சுடுதண்ணீர் போதும். இரவில் சாராயம் எடுக்கிறவர்களுக்கும் இதே பதில்தான்.

நாள் முழுக்கச் சரிவில் நிற்கிற கால்களில் நீர் இறங்கி வீங்கும். படுத்ததும் அந்த நீர் இரத்தத்தில் திரும்பிச் சேர்ந்து சிறுநீராகிறது. ஆகவே வேலை முடிந்து வந்தபின் ஒரு மணி நேரமாவது காலைத் தலையணை மேல் தூக்கி வையுங்கள். "அந்த நேரத்தில் அடுப்பை யார் பார்ப்பது?" என்று கேட்பது எங்களுக்குக் கேட்கிறது. பின்வரிசையில் நிற்கிறார்களே, அவர்கள் பார்க்கட்டும்.

சிறுநீர்ப்பையையும் பிள்ளைகளைப் போலப் பழக்கலாம். முதலில் மூன்று நாளுக்கு, பிள்ளையின் பழைய கொப்பியின் பின்பக்கத்தில், எத்தனை மணிக்குப் போனோம், எத்தனை மணிக்கு என்ன குடித்தோம் என்று குறியுங்கள். எழுத முடியாதவர்கள் பகலுக்கு ஒரு டின், இரவுக்கு ஒரு டின் வைத்து, போகும் ஒவ்வொரு தடவையும் ஒரு பயறு போடுங்கள். வைத்தியரிடம் போகும்போது அந்தக் கணக்கு அரைவாசி வேலையைச் செய்யும். பிறகு இடைவெளியைக் கூட்டுங்கள். இப்போது ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை போகிறவர், ஒன்றேகால் மணி நேரம் பொறுக்கப் பழகட்டும். அது பழகியதும் இன்னும் கால் மணி நேரம். சில வாரங்களில் மூன்று மணி நேரம்வரை வரலாம். எதற்கும் ஒரு தடவை போய் வைப்போம் என்று வராமலே போகும் பழக்கத்தையும் குறைக்க வேண்டும். ஆனால் தொற்று உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அடக்கிப் பழகக் கூடாது.

அவசரம் வந்ததும் ஓடாதீர்கள். ஓடினால்தான் ஒழுகும், படியில் வழுக்கும். அப்படியே நின்று, சிறுநீரையும் காற்றையும் அடக்குவதுபோலக் கீழ்த்தசையை நான்கைந்து தடவை இறுக்கி விடுங்கள், மூச்சை மெதுவாக விடுங்கள். அவசரம் தணியும். பிறகு நடந்து போங்கள்.

அதே தசைக்குத் தினமும் பயிற்சி கொடுக்கலாம். ஐந்து எண்ணும்வரை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை விடுங்கள். இப்படிப் பத்துத் தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. வயிற்றை இறுக்கவோ மூச்சைப் பிடிக்கவோ வேண்டாம். சிறுநீர் போகும்போது செய்ய வேண்டாம். கொழுந்து மடுவத்தில் தராசுக்கு வரிசையில் நிற்கும்போதும் செய்யலாம், கணக்கப்பிள்ளைக்குக்கூடத் தெரியாது. பலன் தெரிய மூன்று மாதம்வரை ஆகும். விட்டுவிடாதீர்கள்.

சில பிரஷர் மாத்திரைகள் சிறுநீரைக் கூட்டும். அவற்றை எந்த நேரத்தில் குடிப்பது நல்லது என்று கிளினிக்கில் கேளுங்கள். நாமாக நிறுத்தக் கூடாது. அரசாங்க ஆஸ்பத்திரியில் சிறுநீரையும் இரத்தச் சீனியையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். சிறுநீரில் இரத்தம் வந்தால், காய்ச்சலோடு முதுகு வலித்தால், கர்ப்பிணிக்கு எரிவு இருந்தால், அன்றே போக வேண்டும். வயிறு முட்டியும் சிறுநீர் வரவே இல்லையென்றால், கால்கள் திடீரென்று பலமிழந்தால், ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். கை மருந்து பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள்.

வயதானவர்களுக்கு இரவில் மூடியுள்ள வாளி ஒன்றைக் காம்பராவின் மூலையில் வைத்துக் கொடுங்கள், தலைமாட்டில் டோர்ச் ஒன்றும் இருக்கட்டும். காலையில் அதைக் கொட்டிக் கழுவுவது மருமகளின் வேலை மட்டுமல்ல. மகனுக்கும் கை இருக்கிறது.

இதுவரை சொன்னது நம் உடம்பு செய்ய வேண்டியது. கக்கூஸ் இல்லாத மலைக்கும் விளக்கில்லாத படிக்கும் எந்தப் பயிற்சியும் மருந்தாகாது. லயங்களையும் சுற்றாடலையும் சுகாதாரமாக வைத்திருப்பது தோட்ட நிர்வாகத்தின் கடமை என்று 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டத்திலேயே வெள்ளைக்காரன் எழுதி வைத்தான். நூறு வருடம் கடந்துவிட்டது. அந்த அம்மா விழுந்த படியில் இன்னும் பல்ப் இல்லை.

ஆகவே அடுத்த பேச்சுவார்த்தைக்கு மூன்று கோரிக்கைகளை எழுதியிருக்கிறோம். கொழுந்து நிறுக்கும் ஒவ்வொரு மடுவத்திலும் தண்ணீரோடு, உள்ளே தாழ்ப்பாளோடு ஒரு கக்கூஸ். லயத்திலிருந்து கக்கூசுக்குப் போகும் வழியில் விளக்கும் கைப்பிடியும். வேலை நேரத்தில் ஒண்ணுக்குப் போனதற்காக யாரையும் ஏசவோ பேரைக் குறைக்கவோ கூடாது.

துரைமார் முன்னால் இதைப் பேச வெட்கமாக இருக்கும் என்று சிலர் சொன்னீர்கள். வெட்கப்பட வேண்டியது நாமல்ல. கூட்டம் முடிந்ததும் மாதர் தலைவியிடம் கையெழுத்துத் தாள் இருக்கும். அந்த அம்மா முதல் ஆளாக, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் போட்டுவிட்டார். அவருக்குக் கீழே நம் பெயர்கள் வரட்டும்.