முதியோர் இல்லத்துக்கு இருபது அட்டைகள்

(மாதக் கூட்டத்தில் நம் தொண்டர் குழு சார்பில் ஆற்றிய உரை)



முதியோர் இல்லத்துக்குப் போகும் பழக்கம் நமக்கு உண்டு. பெருநாளுக்குப் பிரியாணி கொண்டு போகிறோம். நோன்பு மாதத்தில் கஞ்சி கொடுக்கிறோம். மழைக்காலத்தில் போர்வை கொடுக்கிறோம். கொடுத்து முடித்ததும், "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்கிறோம். "அல்ஹம்துலில்லாஹ்" என்கிறார்கள். அதன் பிறகு இரு தரப்புக்கும் பேச ஒன்றும் இருப்பதில்லை. பத்து நிமிடத்தில் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுகிறோம். சொந்த வாப்பாவையோ மாமியையோ அங்கே பார்க்கப் போகும் குடும்பங்களின் நிலையும் பெரும்பாலும் இதுதான்.

போகிற அரை மணி நேரத்தில் அவர்களோடு உட்கார்ந்து செய்ய ஒரு காரியம் வேண்டும். அதற்கு எளிய அட்டை விளையாட்டு எவ்வளவு பொருத்தம் என்பதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறோம்.

"சீட்டாட்டமா?" என்று சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. கேள்வி நியாயமானது. சூது நமக்கு விலக்கப்பட்டது. சூரத்துல் மாயிதாவின் 90-ஆம் வசனத்தை எல்லோரும் அறிவோம். பந்தயம் இல்லாத சீட்டு பற்றியும் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. ஆகவே 52 சீட்டுக் கட்டு நமக்கு வேண்டாம். ராஜா, ராணி இல்லாத அட்டைகளை நாமே செய்துகொள்வோம். காசு இல்லை, பரிசு இல்லை, பாங்கு சொன்னதும் ஆட்டம் நிற்கும்.

அட்டைக்கு எங்கே போவது? நம் வீட்டுப் பரணில் கட்டுக்கட்டாக நிக்காஹ் பத்திரிகைகள் கிடக்கின்றனவே, அவை போதும். பிஸ்மில்லாஹ்வும் வசனங்களும் அச்சான பகுதியை முதலில் வெட்டி, மரியாதையோடு தனியே எடுத்து வைத்துவிடுங்கள். மீதி அட்டையைத் தபால் கார்டு அளவுக்கு வெட்டுங்கள். அச்செழுத்து இருந்தால் மேலே வெள்ளைத் தாள் ஒட்டிவிடுங்கள். மொத்தம் இருபது அட்டை. மீன், மாம்பழம், விளக்கு, தென்னை என்று நான்கு படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் 1 முதல் 5 வரை எண். எண்ணைத் தீப்பெட்டி உயரத்துக்குக் கறுப்பு மையில் தடித்து எழுதுங்கள்.

படங்கள் உருவத்தாலேயே வேறுபட வேண்டும். வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகிறது; நீலமும் பச்சையும் ஒன்றுபோலத் தெரியும். நிறத்தை மட்டும் நம்பினால் பலருக்கு ஆட்டம் புரியாது. லேமினேஷன் செய்தால் விளக்கு வெளிச்சத்தில் அட்டை பளபளத்துக் கண் கூசும். செய்யாமல் விடுங்கள், கிழிந்தால் புதிதாகச் செய்துகொள்ளலாம். மேஜையில் பூப்போட்ட விரிப்பு வேண்டாம். ஒரே நிறத்தில் கருநீலத் துணி விரித்தால் வெள்ளை அட்டை தெளிவாகத் தெரியும்.

அடுத்தது கை. மூட்டு வலி உள்ளவர்கள், கை நடுங்குகிறவர்கள் ஐந்து அட்டையை விசிறிபோல் பிடிக்க முடியாது. ஒரு தாம்பாளத்தில் இரண்டு விரல் உயரத்துக்கு அரிசி பரப்பி, அதில் அட்டைகளை நிறுத்தி வையுங்கள். புதிய துணி பிரஷ் ஒன்றைக் கவிழ்க்காமல் மல்லாக்க வைத்து, அதன் நாருக்கிடையே செருகினாலும் நிற்கும். பக்கவாதம் வந்தவர்களில் சிலருக்கு இடப்பக்கம் இருக்கும் பொருள் கவனத்துக்கே வராது. அவர் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று இல்லத்தின் செவிலியரிடம் கேட்டு, அந்தப் பக்கம் அட்டையை வையுங்கள்.

இனி விளையாட்டு. மூன்று சொல்கிறோம்.

முதலாவது, 'பெரியது யாருக்கு?' இரண்டு பேர், ஆளுக்குப் பத்து அட்டை, கவிழ்த்து வைக்க வேண்டும். மேலே இருப்பதை இருவரும் ஒரே நேரத்தில் திருப்புவார்கள். பெரிய எண் வைத்தவருக்கு இரண்டும். சமமாக வந்தால் ஆளுக்கு ஒன்று. கையில் பிடிக்கவோ யோசிக்கவோ தேவையில்லை. படுக்கையில் இருப்பவரோடும் ஆடலாம்.

இரண்டாவது, 'ஜோடி'. கவிழ்த்து வைத்த அட்டைகளில் ஜோடியை நினைவில் வைத்துத் தேடும் ஆட்டம் நம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். மறதி நோய் உள்ளவருக்கு அது வேதனை. சற்றுமுன் பார்த்ததுதான் அவருக்கு முதலில் மறக்கும். எனவே மீன் அட்டை ஐந்தையும் முகம் தெரிய வரிசையாக வைத்துவிடுங்கள். மாம்பழ அட்டைகளை ஒவ்வொன்றாகக் கையில் கொடுங்கள். எண் பார்த்து மேலே வைப்பார். ஒருவருக்கே ஆனாலும் ஆட்டம் நிறைவாக முடியும்.

மூன்றாவது, நாம் எல்லோரும் சிறு வயதில் பார்த்த 'கழுதை'. நான்கு பேர், ஆளுக்கு ஐந்து அட்டை. ஒருவர் விளக்கு போட்டால், விளக்கு வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒவ்வொன்று போட வேண்டும். பெரிய எண் போட்டவர் அடுத்த சுற்றைத் தொடங்குவார். வழக்கமான ஆட்டத்தில் அந்த இனம் கையில் இல்லாதவர் வெட்டுவார். இங்கே வெட்டு இல்லை. "என்கிட்ட இல்லை" என்று சொல்லிவிட்டால் போதும். கடைசியில் அட்டை வைத்திருப்பவரைக் கழுதை என்று அழைக்கவும் வேண்டாம். அடுத்த ஆட்டத்தைத் தொடங்கும் உரிமை அவருக்கு என்று மாற்றிக்கொள்வோம்.

இந்த விதிகளும் கல்லில் செதுக்கியவை அல்ல. ஐந்து அட்டை அதிகமென்றால் மூன்று கொடுங்கள். யாருடைய முறை என்பது மறந்தால், அவர் முன்னால் ஒரு கைக்குட்டையை நகர்த்தி வையுங்கள்.

நம் நடத்தையில் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. அவர் அட்டையை நாம் எடுத்துப் போடக் கூடாது. அவர் கை மெல்லத்தான் நகரும். மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். "மறந்துட்டீங்களா?", "இது என்ன படம், சொல்லுங்க பார்ப்போம்" என்ற பேச்சு வேண்டாம். ஒரு காலத்தில் கடை நடத்தியவர், பிள்ளைகளைக் கரையேற்றியவர் அவர். பரீட்சை எழுத உட்காரவில்லை. வேண்டுமென்றே தோற்றுப்போவதும் வேண்டாம், கண்டுபிடித்துவிடுவார்கள். ஆட வரவில்லை என்பவரைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க விடுங்கள், அதுவும் பங்கெடுப்பதுதான்.

காலை உணவுக்குப் பின் பத்து மணி வாக்கில் போவது நல்லது. மாலையானால் மறதி உள்ள பலருக்கு மனம் அலைபாயத் தொடங்கும். இருபது, முப்பது நிமிடம் போதும். டிவியை அணைக்கச் சொல்லுங்கள். காது மந்தமானவருக்கு நேர் எதிரே உட்கார்ந்து, கத்தாமல் நிதானமாகப் பேசுங்கள். ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் உங்கள் முகம் அவருக்கு இருட்டாகத் தெரியும். இடம் மாறி உட்காருங்கள்.

இதனால் நோய் குணமாகும் என்று நாங்கள் சொல்லவில்லை. இல்லத்தில் இருப்பவர் நாள் முழுக்க வாங்குகிறவராகவே இருக்கிறார். மாத்திரை வாங்குகிறார், சாப்பாடு வாங்குகிறார், நம் பொட்டலத்தையும் வாங்குகிறார். அட்டை கைக்கு வந்ததும், நாலு பேர் அவர் என்ன போடுவார் என்று காத்திருக்கிறார்கள். அந்த அரை மணி நேரம் முடிவெடுப்பது அவர். கொடுப்பதை மட்டும் கொடுத்துவிட்டு வந்தால் இந்த இடம் அவருக்குக் கிடைக்காது.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது பழைய நிக்காஹ் பத்திரிகைகளைக் கொண்டு வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். படம் வரைய அவர்கள் போதும். அட்டைகள் தயாரானதும் அதே பிள்ளைகள்தான் முதலில் போய் ஆட உட்கார வேண்டும். இன்ஷா அல்லாஹ், நாமும் கூடப் போவோம்.

வஸ்ஸலாம்.